ஸ்கிராட்ச்சில் பல்லாங்குழி: கூட்டாக விளையாட்டு செய்யும் ஆய்வுக்கு இது சரிப்படுமா?

எம்.எட். ஆய்வேட்டுக்கு நெறியாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த முன்மொழிவில், 'ஸ்கிராட்ச் வழியாகக் கூட்டு விளையாட்டு வடிவமைப்பு' என்று ஒரே ஒரு வரிதான் கருவியைப் பற்றி இருந்தது. மீதிப் பக்கமெல்லாம் நோக்கம், கருதுகோள், மாதிரி என்று நிரம்பி வழிந்தது. பள்ளிக்கூடத்துக்குள் காலடி வைத்த பிறகுதான் அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு வேலை ஒளிந்திருந்தது என்று தெரிந்தது. இதே மாதிரி ஆய்வுக்குத் திட்டம் போடுகிறவர்கள் நாலைந்து பேர் என்னிடம் 'ஸ்கிராட்ச் எப்படி?' என்று கேட்டுவிட்டார்கள், ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி வாய் வலிப்பதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் ஏற்பாடு இதுதான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 24 பேர், நாலு நாலு பேராக 6 குழு, 10 வாரம், வாரத்துக்கு இரண்டு பீரியடு. ஒவ்வொரு குழுவும் தங்கள் வீட்டில் ஆடுகிற அல்லது பாட்டி ஆடிய பழைய விளையாட்டு ஒன்றை எடுத்துக் கணினியில் ஆடும்படி செய்ய வேண்டும். எந்த விளையாட்டு, எந்த விதி, எப்போது வெற்றி எல்லாம் அவர்கள் முடிவு. அந்த முடிவுகளை எப்படிச் சேர்ந்து எடுக்கிறார்கள் என்று நான் பார்க்க வேண்டும்.

ஸ்கிராட்ச்சைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அமெரிக்காவில் எம்.ஐ.டி. மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் செய்து 2007இல் பொதுவில் விட்ட நிரல் கருவி. எழுத வேண்டியதில்லை, வண்ணக் கட்டைகளை இழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோக்க வேண்டும், பொருந்தாத கட்டை ஒட்டவே ஒட்டாது. இப்போது இருக்கிற மூன்றாம் பதிப்பு 2019 ஜனவரியில் வந்தது. எட்டு முதல் பதினாறு வயதுக்காரர்களை நினைத்துச் செய்தது. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, இணையம் இல்லாமல் ஓடும் செயலியும் உண்டு, பழைய கணினியிலும் முக்கி முனகியாவது ஓடிவிடுகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே கொஞ்சம் குறை சொல்லப் போகிறேன். கட்டளைகள் ஆங்கிலத்தில் இருந்தால் பிள்ளைகள் மிரள்வார்கள் என்று பயந்து ஒரு சொற்பட்டியல் எல்லாம் அச்சடித்துக்கொண்டு போனேன். இரண்டாவது பீரியடிலேயே அது குப்பைக் கூடைக்குப் போய்விட்டது. பிள்ளைகள் நிறத்தை வைத்துப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். 'மேலே மஞ்சள் போடு, அதுக்குக் கீழே ஆரஞ்சு, ஆரஞ்சு வயித்துக்குள்ள பச்சையை நுழை.' நிகழ்வுக் கட்டைகள் மஞ்சள், கட்டுப்பாடு ஆரஞ்சு, கணக்குக் கட்டைகள் பச்சை; திரையில் எட்ட இருக்கிறவனுக்கும் நிறம் தெரியும், சொல் தெரியாது. நாலு பேர் ஒரே திரையைச் சுற்றி நிற்கும்போது இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது நின்று பார்த்தவர்களுக்குத்தான் புரியும். மாறிகளுக்கு, அதாவது எண்ணையோ சொல்லையோ போட்டு வைக்கிற டப்பாக்களுக்கு, தமிழில் பெயர் வைக்கலாம், ஸ்கிராட்ச் திரையில் நிற்கிற பூனை தமிழில் பேசும். ஒரு குழுவின் பூனை தப்பான கட்டத்தில் காய் வைத்தால் 'கண்ணு தெரியலயா?' என்று கேட்டது.

சரி, இப்போது சிக்கல். முன்மொழிவில் 'கூட்டு' என்று எழுதியிருந்தேன் இல்லையா, ஸ்கிராட்ச்சில் கூட்டு என்றால் என்ன அர்த்தம் என்று முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். ஒரே கோப்பை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறந்து இருவரும் கட்டை அடுக்குகிற வசதி அதில் இல்லை. ஒருவர் செய்ததை இன்னொருவர் எடுத்து மாற்றி வெளியிடுகிற 'ரீமிக்ஸ்' இருக்கிறது, கட்டைகளைப் போட்டு வைத்து வேறு கோப்புக்குக் கொண்டுபோகிற பை ஒன்று இருக்கிறது, பலரின் வேலையைச் சேர்த்து வைக்கிற 'ஸ்டூடியோ' இருக்கிறது. எல்லாமே கைமாற்றிக் கொடுக்கிற கூட்டு. சமைத்து எடுத்துப்போய்ப் பக்கத்து வீட்டில் கொடுப்பது போல; ஒரே அடுப்படியில் நாலு பேர் நிற்பது வேறு. நாலு பேருக்கு ஒரு கணினி என்றால் மவுஸ் ஒன்று, கை ஒன்று. மற்ற மூன்று பேர் என்ன செய்கிறார்கள் என்பது கோப்பில் எங்கேயும் பதிவாகாது.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பல்லாங்குழிக் குழுவின் கதையைச் சொன்னால் விளங்கும்.

அந்தக் குழுவில் இரண்டு பெண்கள், இரண்டு பையன்கள். முதல் வாரம் முழுக்கக் கணினியைத் தொடவே இல்லை, சண்டைதான். குழி 14, அதில் தகராறு இல்லை. குழிக்கு ஐந்து காயா ஆறா? ஒரு பெண் வீட்டில் ஐந்து, இன்னொருத்தி வீட்டில் ஆறு. காய் போட்டுக்கொண்டே போகும்போது ஒரு குழியில் நாலு சேர்ந்தால் 'பசு' என்று அந்தப் பக்கத்துக்காரர் அள்ளிக்கொள்ளலாம் என்றான் ஒருவன், 'எங்க ஆயா அப்படி ஆடவே ஆடாது' என்றது எதிர்ப்பக்கம். கடைசிக் காய் போட்டதும் அடுத்த குழியை எடுத்து ஆட்டத்தைத் தொடர வேண்டும், அடுத்த குழி காலியாக இருந்தால் அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம், இதில் மட்டும் நாலு பேரும் ஒத்துப்போனார்கள். கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா, ஆட்டம் தொடங்கும்போது 'பசு உண்டு / பசு இல்லை' என்று இரண்டு பொத்தான் வைத்துவிட்டார்கள். நான் பத்து வாரத்தில் பார்த்ததிலேயே அசலான வடிவமைப்பு முடிவு அதுதான். அது நடந்த இடம் ஒரு ரஃப் நோட்டின் பின்னட்டை. ஸ்கிராட்ச் கோப்பில் அது பூஜ்யமோ ஒன்றோ காட்டுகிற ஒரு மாறி, அவ்வளவுதான்.

அடுத்து நடந்தது இன்னும் சுவாரஸ்யம். 14 இடம் கொண்ட ஒரு லிஸ்ட் செய்து, ஒவ்வொன்றிலும் 5 என்று போட்டு, 'இடம்' என்ற மாறியை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே காய் போடும்படி ஒரு பையன் அடுக்கினான். ஓடியது. பூனை தலையாட்டியது, எண்கள் மாறின, எல்லாரும் கைதட்டினார்கள். ஒருத்தி மட்டும் தட்டவில்லை. அவள் கணினிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெஞ்சில் புளியங்கொட்டையை வைத்து அதே ஆட்டத்தைக் கையால் ஆடிக்கொண்டிருந்தாள். 'மிஸ், மொத்தம் 70 இருக்கணும், அதுல 67தான் இருக்கு' என்றாள்.

மூன்று காய் எங்கே போனது? இடம் 14ஐத் தாண்டி 15, 16, 17 என்று போயிருக்கிறது, அங்கே குழியே இல்லை. இல்லாத இடத்தில் காய் போடச் சொன்னால் ஸ்கிராட்ச் திட்டாது, சிவப்பு எழுத்தில் எதுவும் காட்டாது, சும்மா இருந்துவிடும். சின்னப் பிள்ளைகள் பயப்படக் கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பிழையைத் தேடுகிறவனுக்கு அந்த மௌனம் பெரிய இம்சை. நான் என் மேதாவித்தனத்தைக் காட்ட, 14ஆல் வகுத்து மீதி எடுக்கச் சொல்லிக் கொடுத்தேன். 14ஐ 14ஆல் வகுத்தால் மீதி பூஜ்யம், ஸ்கிராட்ச் லிஸ்ட்டில் எண்ணிக்கை ஒன்றிலிருந்துதான் தொடங்கும், பூஜ்யமாவது இடம் என்று ஒன்று கிடையாது, ஆக இந்த முறை பதினாலாம் குழியில் போட்ட காய் எல்லாம் மாயம். மறுபடியும் புளியங்கொட்டைக்காரிதான் கண்டுபிடித்தாள். 'பதினாலுக்கு மேல போனா ஒண்ணுக்கு வந்துரு, அவ்ளோதானே' என்று அவள் சொல்ல, பையன் 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்கிற 'இஃப்' கட்டை ஒன்றைப் போட்டான், முடிந்தது கதை. என் மீதிக் கணக்கை யாரும் சீந்தவில்லை.

என் கவனிப்புத் தாளில் அந்தப் பெண்ணுக்கு அதுவரை என்ன குறிப்பு இருந்தது தெரியுமா? ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 'மவுஸ் யார் கையில்' என்று டிக் அடிக்கிற கட்டம் வைத்திருந்தேன். மூன்று வாரமாக அவள் பெயருக்கு நேரே ஒரு டிக்கூட இல்லை. ஓரத்தில் 'ஈடுபாடு குறைவு' என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தேன். பேனா மையை வைத்து அடித்தாலும் அந்த வரி கண்ணில் படத்தான் செய்கிறது. அன்றைக்கே தாளை மாற்றினேன். விதியை முன்வைத்தது யார், மறுத்தது யார், கடைசியில் எது நின்றது என்று மூன்று கட்டம் மட்டும். அதன் பிறகுதான் என் ஆய்வில் எழுதுவதற்கு விஷயமே கிடைத்தது.

மதிப்பீட்டுக்கு 'டாக்டர் ஸ்கிராட்ச்' பற்றிப் பலரும் கேட்கிறார்கள். ஸ்பெயினில் செய்த இலவசச் சேவை, கோப்பைக் கொடுத்தால் நொடியில் மதிப்பெண் தரும். தர்க்கம், இணையாக ஓடுவது, ஒத்திசைவு, தரவைக் கையாள்வது என்று ஏழு கூறு, ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 3, ஆக 21க்கு. பயன்படுத்தச் சுலபம், அட்டவணை போடத் தோதாக எண் கிடைக்கும், ஆய்வேட்டுக்கு எண் என்றால் கொள்ளை ஆசை இல்லையா. பல்லாங்குழிக்கு 11 வந்தது. பரமபதம் செய்த குழுவுக்கு 17. அந்தப் பரமபதத்தைப் பார்த்தால் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கிற பச்சைக் கொடியை அழுத்தியதும் மூலைக்கு மூலை ஏதோ ஆடும், பாடும், நிறம் மாறும், பாம்பு மட்டும் கடிக்காது. விசாரித்தால் பாதி வேலை ஒரு பையனின் அண்ணன் வீட்டில் செய்து கொடுத்தது. அதுவும் ஒருவகைக் கூட்டு முயற்சிதான் என்று நெறியாளர் சிரித்தார். இதில் சேவையைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, எந்தவிதக் கட்டைகள் இருக்கின்றன என்று பார்ப்பதுதான் அதன் வேலை, அதைச் சரியாகச் செய்கிறது. விளையாட்டு ஆடத் தகுந்ததா, நாலு பேரும் சேர்ந்து செய்தார்களா என்பதை அதனிடம் கேட்டால் அது என்ன செய்யும்?

எனக்குக் கைகொடுத்தது 2012இல் கேரன் பிரென்னனும் ரெஸ்னிக்கும் முன்வைத்த அணுகுமுறை. அவர்கள் நிரல் செய்கிறவரின் கணினிச் சிந்தனையைக் கருத்துகள், செயல்முறைகள், கண்ணோட்டங்கள் என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறார்கள், அதை அளக்கவும் மூன்று வழி சொல்கிறார்கள்: கோப்பை அலசுவது, செய்தவரிடம் கோப்பை வைத்துக்கொண்டே பேசுவது, வேறொருவர் செய்த கோப்பைக் கொடுத்து 'இதில் என்ன தப்பு, என்ன சேர்ப்பாய்' என்று கேட்பது. இதில் நடுவில் இருக்கிற பேச்சுதான் தங்கம். கோப்பைத் திறந்து வைத்து 'இந்த இஃப் ஏன் இங்கே வந்தது' என்று கேட்டால் போதும், 'அதை நான் போடல மிஸ், அவ சொன்னா' என்று உண்மை தானாக வரும். ஒரு குழுவுக்கு 20 நிமிடம் ஒதுக்கினேன், 40 ஒதுக்கியிருக்க வேண்டும்.

முன்தேர்வு பின்தேர்வும் வைத்தேன், வைக்காவிட்டால் விடமாட்டார்கள். மதிப்பெண் ஏறியது. ஏறாமல் என்ன செய்யும், அந்தப் பத்து வாரமும் கணக்கு வாத்தியாரும் பாடம் நடத்திக்கொண்டுதானே இருந்தார்? ஒப்பிட இன்னொரு வகுப்பு இல்லாமல் 24 பேரை வைத்துக்கொண்டு 'ஸ்கிராட்ச்சால் உயர்ந்தது' என்று எழுதினால் வைவாவில் தோலை உரித்துவிடுவார்கள், உரிக்கவும் வேண்டும். நான் அந்த அத்தியாயத்தை இரண்டு பக்கத்தில் முடித்துக்கொண்டேன்.

நேரக் கணக்குதான் என் திட்டத்தின் ஓட்டைப் பானை. 20 பீரியடு, பீரியடுக்கு 40 நிமிடம், காகிதத்தில் 13 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. கணினி கிளம்ப, பிள்ளைகள் உட்கார, பென் டிரைவ் தேட என்று ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம் போய்விடும், நடுவில் இடைத்தேர்வு வேறு. அமெரிக்காவில் யாஸ்மின் கஃபாய் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் 16 பேரைப் பின்னம் சொல்லித் தரும் விளையாட்டுகளை லோகோ என்ற பழைய நிரல் மொழியில் செய்ய வைத்த ஆய்வு இந்தத் துறையில் எல்லாரும் மேற்கோள் காட்டுவது, நானும் காட்டியிருந்தேன். அது மாதக்கணக்கில் நடந்த வேலை. நான் மேற்கோளை எடுத்துக்கொண்டேன், கால அளவை விட்டுவிட்டேன்.

ஆடிப் பார்க்க வைப்பதைக் கடைசி வாரத்தில் வைத்தது அடுத்த முட்டாள்தனம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டி வந்து உட்கார வைத்தோம், செய்தவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. பல்லாங்குழியில் எந்தக் குழியைத் தொட வேண்டும் என்றே ஒரு சின்னப் பெண்ணுக்குத் தெரியவில்லை, திரையில் பூனையையே அழுத்திக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற நாலு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு தவித்த தவிப்பு இருக்கிறதே! அப்புறம் காய் விழுவது கண்ணுக்கே தெரியாத வேகத்தில் நடந்தது, ஒவ்வொரு காய்க்கும் நடுவில் அரை வினாடி காத்திருக்கச் சொல்லி ஒரு கட்டை போட்டிருந்தால் போதும். எல்லாம் தெரிந்தது, திருத்த நேரம் இல்லை. மூன்றாம் வாரமே காகிதத்தில் வரைந்து ஆடவிட்டிருக்கலாம், அதற்குக் கணினியும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்.

கோப்புகளைப் பற்றி ஒரு விஷயம். ஸ்கிராட்ச் கோப்பு எஸ்.பி.3 என்ற பின்னொட்டோடு சேமிக்கப்படும், உள்ளுக்குள் அது ஒரு ஜிப் பொதி, பெயரை மாற்றித் திறந்தால் நிரல் முழுக்க ஜேசன் என்கிற எழுத்து வடிவக் கோப்பாக இருக்கும், கட்டைகளை எண்ண வேண்டுமானால் அங்கே எண்ணலாம். ஆனால் எந்தக் கட்டையை யார், எந்த நாளில் போட்டார்கள் என்ற வரலாறு அதில் கிடையாது. ஒவ்வொரு வகுப்பு முடிவிலும் வாரம், குழு எண் போட்டுத் தனிக் கோப்பாகச் சேமித்தால்தான் வளர்ச்சியைக் காட்ட முடியும். முதல் இரண்டு வாரம் நான் இதைச் செய்யவில்லை. இரண்டு குழு 'விளையாட்டு' என்று ஒரே பெயரில் ஒரே பென் டிரைவில் சேமித்து, ஒன்றின் தலையில் ஒன்று ஏறி, ஒரு குழுவின் வார வேலை போயே போய்விட்டது. அழுதார்கள். தப்பு முழுக்க என்னுடையது.

அனுமதி விஷயத்தைப் பெற்றோர் கையெழுத்தோடு முடித்துவிடாதீர்கள். பிள்ளைகளிடமும் கேட்டேன், ஒரு பையன் குரலைப் பதிவு செய்ய வேண்டாம் என்றான். சரி என்று அந்தக் குழுவுக்கு ரெக்கார்டரை அணைத்துவிட்டுக் கையால் எழுதினேன். கை வலித்தாலும், அந்தக் குழுவைப் பற்றிய குறிப்புகள்தான் என்னிடம் இருப்பதிலேயே தெளிவானவை.

வேறு கருவி பார்க்கலாமா என்றால், ஒரே நேரத்தில் பலர் சேர்ந்து கட்டை அடுக்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆய்வின் உயிர் என்றால் அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் உருவான நெட்ஸ்ப்ளாக்ஸ் என்ற கட்டை நிரல் கருவியைப் பாருங்கள், அந்த வசதி அதில் உண்டு. விளையாட்டு செய்கிற ரோப்ளாக்ஸ் ஸ்டூடியோ என்ற கருவியிலும் பலர் சேர்ந்து வேலை செய்யும் வசதி உண்டு, ஆனால் அதற்குக் கொஞ்சம் தெம்பான கணினி வேண்டும். இரண்டுக்கும் விட்டு விட்டு வராத இணையம் வேண்டும், நான் போன பள்ளியில் அதுதான் இல்லை. பிள்ளைகள் பேசிச் சண்டை போட்டு விதியை முடிவு செய்வதைப் பார்க்க வேண்டும் என்றால் ஸ்கிராட்ச் தாராளமாகப் போதும், ஒரு மவுஸ் என்கிற குறையே பேச்சை வரவழைக்கிறது என்றுகூடச் சொல்வேன். பத்துக்கு எட்டு கொடுக்கலாம். ஒன்றைப் பிழையில் காட்டும் அந்த மௌனத்துக்காகவும் இன்னொன்றை வரலாறு இல்லாததற்காகவும் பிடித்துக்கொண்டேன்.

செய்யப் போகிறவர்கள் இணையம் இல்லாமல் ஓடும் செயலியை முதல் நாளே எல்லாக் கணினியிலும் ஏற்றிவிடுங்கள். அதில் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, பிள்ளைகளின் பெயர், மின்னஞ்சல் எதுவும் வெளியே போகாது. பென் டிரைவ் இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். அரைக் கிலோ புளியங்கொட்டையும்.